முதலில் வண்டிக்கு, பிறகு மாளுவுக்கு

சனிக்கிழமை காலையில் கோயிலில் போட்ட வெடி, செவ்வாய்க்கிழமையாகியும் எங்கள் வீட்டில் ஓயவில்லை.

இதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்கே பிடிபடாமல் போய்விடும்.

மாளு என் அக்கா பிரசீதாவின் மகள். நாலு வயது. பிறவியிலேயே காது கேளாது. இரண்டரை வயதில் இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்து தலைத்தோலுக்கு உள்ளே கருவி வைத்தார்கள். வெளியே காதுமடலில் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு சின்ன வயர். வயரின் நுனியில் காந்தம் வைத்த ஒரு வட்டத் தகடு. அதற்குக் 'காயில்' என்று பெயர். காயில் தலையில் ஒட்டியிருந்தால் மாளுவுக்குக் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது.

நடுவில் சின்னம்மை வந்து, காயில் ஒட்டுகிற இடம் புண்ணாகிவிட்டது. ஏழு வாரம் மெஷின் இல்லாமல் இருந்தாள். மறுபடியும் பழக்குவதற்காக, திருவனந்தபுரத்தில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்டாக இருக்கிற ஷிஜி மேடம் மெஷினில் நான்கு படிகள் வைத்துத் தந்தார். ஒன்றாம் படி மிக மெல்லிய சத்தம். நான்காம் படி பழைய முழுச் சத்தம். ஒவ்வொரு படியிலும் ஐந்து நாள். பேட்டரி போட்டதும் மெஷினில் ஒரு சின்ன விளக்கு மின்னும். எத்தனை தடவை மின்னுகிறதோ அத்தனையாவது படி. பட்டனை அழுத்தினால் ஒரு படி ஏறும்; நான்குக்குப் பிறகு மறுபடி ஒன்று.

எத்தனை மணிக்கு வைத்தாள், எப்போது கழற்றினாள், எந்தப் படி, எந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள், இவ்வளவையும் தினமும் நோட்டில் எழுத வேண்டும். அந்த வேலையை வீட்டில் எனக்குத் தந்தார்கள். பாறசாலையில் சாயங்கால டைப் வகுப்புக்குப் போகிறவள் என்பதால் எழுத்துவேலை எல்லாம் எனக்கு வரும் என்று ஒரு எண்ணம்.

ஒன்பதாம் நாள் அப்பா முற்றத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்தார். அதுவரை பெயருக்கு அவள் திரும்பியதே இல்லை. மாளு திரும்பினாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் நடந்த அன்று அவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அழைத்தால் பேத்தி திரும்புகிற நாளில் கோயிலில் மூன்று வெடி. சீட்டு எழுதினால் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் சொல்வார்கள். உடனே கதினா என்கிற இரும்புக் குழாயில் மருந்து இடித்துத் தீ வைப்பார்கள். காது கேட்டதற்கு நன்றியாக வெடி. கேரள எல்லையில் இருக்கிற எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் இது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. எனக்கும் அன்று தோன்றவில்லை.

தன் பெயரை மைக்கில் பிள்ளை கேட்கட்டும் என்று அப்பாவுக்கு ஆசை; சீட்டிலும் கூப்பிடுகிற பெயரையே எழுதினார். மெஷினோடுதான் தோளில் தூக்கிக்கொண்டு போனார். "மாளு, உத்திரட்டாதி, வெடி மூணு" என்று ஒலிபெருக்கி சொன்னது. மாளு கேட்டாள். தன் பெயர் எங்கிருந்து வருகிறது என்று சிரித்துக்கொண்டே மேலே தேடினாள்.

அப்போது வெடித்தது.

இரண்டு காயிலையும் பிய்த்து எறிந்துவிட்டாள். அதற்குப் பிறகு மெஷினைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

இவ்வளவும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு.

அன்று காலை பேட்டரி போட்டபோது விளக்கு இரண்டு தடவை மின்னியதா, ஒரு தடவைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாம் படியில் இருக்க வேண்டிய நாள். ஒரு தடவைதான் மின்னியது என்று நானே முடிவு செய்து, இரண்டு மெஷினிலும் பட்டனை ஒருமுறை அழுத்தினேன். வாசலில் அப்பா ஹாரன் அடித்தார். மின்னியதை எண்ணாமல் மாளுவின் தலையில் ஒட்டிவிட்டேன். கோயிலிலிருந்து திரும்பி மெஷினை எடுத்துவைக்கும்போது எண்ணினேன். மூன்று தடவை மின்னியது.

நோட்டில் '2' என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று நானே பலமுறை கேட்டுவிட்டேன். பயம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அக்கா மொத்தப் பழியையும் அப்பாவின் மேல் போட்டாள். "வழிபாடுண்ணா ஒரு பாயசம் போதாதா, வெடியேதான் வேணுமா?" என்று முற்றத்தில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து மாளுவின் முகத்தையே அப்பா பார்ப்பதில்லை.

இன்று நாலு மணிக்கு ஷிஜி மேடம் வீடியோவில் அழைப்பதாக இருந்தது. அதற்கு முன் நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துத்தான் மெஷினில் சத்தத்தின் அளவை மாற்றி அமைக்கப்போகிறார். நான் எழுதியது பொய் என்றால் அவர் குறைப்பதும் தப்பாகத்தான் இருக்கும். "வைக்காத ஒவ்வொரு நாளும் குழந்தையின் மூளை சத்தத்தை மறந்துகொண்டே இருக்கும், அமிர்தா" என்று அவர் சொல்லியிருந்தார். இன்றோடு மூன்று நாள் முழுதாகப் போய்விட்டது.

காலை 6.10. மெஷின்களை ராத்திரியில் வைக்கிற, ஈரம் உறிஞ்சும் டப்பாவைத் திறந்தேன். இடது மெஷின் மட்டும் இருந்தது.

வலது மெஷின் இல்லை.

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு மெஷினுக்கு அதற்குள் ஒளிய இடமே கிடையாது. இருந்தும் கவிழ்த்தேன்.

"அக்கா."

"என்னது?"

"வலத்த மெஷினக் காணல்ல."

அக்கா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் முதலில் கேட்டது மெஷினைப் பற்றியல்ல.

"பேட்டரி? பேட்டரி உள்ள இருந்திச்சா?"

ஆஸ்பத்திரியில் தந்த தாளில் சிவப்பு எழுத்தில் இருப்பது ஒரே ஒரு வரிதான். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாளு கட்டிலில் வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிள்ளை விழித்து அழுதது.

நான் அலமாரியிலிருந்து பேட்டரி போடும் பாட்டிலை எடுத்தேன். ஒரு மெஷினுக்கு இரண்டு. நேற்று மாலை கழற்றியவை நாலு இருக்க வேண்டும். தரையில் கொட்டி எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலு. அட்டையில் புதியவை எட்டு. அவையும் இருந்தன.

"நாலும் உண்டு அக்கா."

"ஒண்ணுகூட எண்ணு."

மூன்றாம் தடவையும் எண்ணினேன். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மெஷின் பேட்டரி இல்லாமல்தான் போயிருக்கிறது. ஆனால் எங்கே? நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு டப்பாவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தினமும் பார்ப்பேன். வைக்காத மெஷினைப் பார்ப்பானேன் என்று நேற்று விட்டுவிட்டேன். அதுவும் என் தப்பு.

இடது மெஷினை மாளுவிடம் காட்டி, இன்னொன்று எங்கே என்று கையால் கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் காதுகளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எழுந்து வாசலுக்கு ஓடி, கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் ஒன்றும் இல்லை.

"அப்பா எப்பளாக்கும் போனாரு?" அக்கா கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு."

அப்பாவின் பெயர் பொன்னப்பன். பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். பெருங்கடவிளைச் சந்தையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் ஏற்றிப் பொழியூர்க் கடைகளில் இறக்குவார். முன்பெல்லாம் ஆறரை மணிக்குத்தான் கிளம்புவார். சனிக்கிழமைக்குப் பிறகு, மாளு விழிப்பதற்கு முன்னே போய்விடுகிறார்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, பிள்ளைக்க மெஷின நீங்க எடுத்தியளா?"

"இல்ல."

"சரடு ஜெபிச்சுக் கெட்ட கொண்டு போனியளா? உள்ளதச் சொல்லணும்."

பயந்த பிள்ளைகளுக்குக் கோயிலில் ஜெபித்துக் கட்டும் கயிறுதான் சரடு. அப்பா அதைச் செய்யக்கூடியவர்தான். மெஷினுக்கே கயிறு கட்டிக்கொண்டு வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

"நான் அதத் தொடல்ல பிள்ளே," என்றார் அப்பா. "இனித் தொடவும் மாட்டேன்."

"தொடாம இருந்தா போன வாரமே இருந்திருக்கலாம்."

லைன் துண்டித்தது. யார் துண்டித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொரு மணி வரைக்கும் தேடினோம். அரிசிப் பானை, செருப்பு, கோழிக்கூடு, துணி துவைக்கும் கல்லின் இடுக்கு. அக்கா கிணற்றுச் சுவரில் கவிழ்ந்து டார்ச் அடித்தாள். தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அவள் அங்கேயே வெகுநேரம் நின்றாள். துணிக்கடையில் மூன்றாம் நாளாக லீவு போட்டிருந்தாள். கோழிக்கோட்டில் கட்டட வேலையில் இருக்கிற, மாளுவின் அப்பா தீபு அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என நினைத்தேன்.

"எடி அமிர்தே."

"என்ன அக்கா?"

"மெஷின் கிட்டல்லண்ணு வையி. கிட்டினாலும் இவ வைக்கமாட்டேண்ணு வையி. பின்ன என்ன செய்வோம்?"

ஒன்று தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாள் வரிகளையும் விரல் வைத்துப் படித்தேன்.

சனி மாலை 4.10. காயில் வைத்தேன். அக்கா "மாளு" என்றாள். உடனே பிய்த்தாள்.

ஞாயிறு காலை 9.05. பிஸ்கட் கையில் கொடுத்து வைத்தேன். நான் "மாளூ" என்றேன். பிய்த்தாள்.

ஞாயிறு மாலை 6.00. தீபு அத்தான் வீடியோவில். "மாளுக்குட்டியே." பிய்த்தாள்.

திங்கள் காலை 7.20. வைத்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுக்களைக்கு ஓடினேன். பிய்க்கவில்லை. 7.24. அக்கா உள்ளே வந்து, "அய்யோ, எனக்க மாளு வச்சிருக்காளே" என்றாள். பிய்த்தாள்.

திங்கள் மாலை 5.15. பக்கத்து வீட்டுச் செல்லபாய் மாமி வந்திருந்தார். அவரும் "மாளு" என்றுதான் தொடங்கினார். பிய்த்தாள்.

நாலு நிமிடம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் இருந்திருக்கும். காக்கை கத்தியிருக்கும். பாத்திரம் விழுந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கெல்லாம் அவள் பிய்க்கவில்லை.

நான் நினைப்பது சரியாக இருக்காது என்று முதலில் நினைத்தேன். மறுபடி மேலிருந்து படித்தேன். பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவளுக்குச் சத்தத்தில பயம் இல்ல. பேரிலயாக்கும் பேடி."

"என்ன பறையிய நீ?"

"மைக்கில அவ பேரு வந்திச்சு. அதுக்குப் பொறவு வெடி. நம்ம காயில் வச்ச ஒடனே பேரச் சொல்லி விளிக்கோம். பேரு வந்தா அடுத்து வெடி வருமெண்ணு அவ நெனைக்கிறா."

அக்கா நோட்டை வாங்கி, வரிவரியாகப் படித்தாள். படித்துமுடித்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்க பிள்ளைய எனக்க வாயால பேரு சொல்லி விளிக்கப்படாது," என்றாள்.

அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருடம் அந்தப் பெயரைக் கேளாத காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள் அவள்.

மாளு இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நேற்று மாலையும் இப்படித்தான். அப்பாவின் வண்டி முற்றத்தில் வந்து நின்றதும், அதன் முன்பக்கத்தை விட்டு நகராமல் இருட்டும் வரை நின்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், உதைத்தாள். பிடிவாதம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டை முன்பக்கமாகப் புரட்டினேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். காலை ஆறு மணிக்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தேன். முதலில் வண்டிக்கு, பிறகு மாளுவுக்கு.

அது அப்பா கண்டுபிடித்த விளையாட்டு. காயிலை முதலில் பெட்டி ஆட்டோவின் முன்பக்க இரும்பில் ஒட்டுவார். வண்டிக்குக் காது வைத்தாகிவிட்டது. இஞ்சினைக் கிளப்புவார். வண்டியில் தன் காதை வைத்து, "கேக்குதாம், அதுக்கு நல்லாக் கேக்குதாம்" என்பார். பிறகு மாளு தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். ஏழு வாரம் கழித்து அவள் முதன்முதலாக மெஷின் வைத்தது இப்படித்தான்.

நேற்று மாலை மாளுதான் விளையாட்டைத் தொடங்கியிருக்கிறாள். வண்டிக்குக் காது வைத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அந்த வண்டி காலை ஐந்து மணியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

மணி 12.15. போனை எடுத்தேன். இரண்டு தடவை தவறான நம்பரைத் தொட்டேன்.

"அப்பா, எங்க நிக்கிய?"

"பொழியூர். மரச்சீனி எறக்குறேன்." பின்னால் கடலின் இரைச்சல் கேட்டது. கடல் ஏறி ஏறி அந்தப் பக்கத்து ரோடு பாதி பெயர்ந்து கிடக்கிறது. எனக்கு அந்தக் குழிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

"வண்டிக்க முன்னால போயிப் பாருங்க. வெளக்குப் பக்கத்துல."

"என்னத்துக்கு?"

"பாருங்க அப்பா."

நடக்கிற சத்தம். யாரோ அவரிடம் குலையின் விலையைக் கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல மக்கா."

அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் பதிந்தது.

"கீழ. கம்பிக்க உள்ளால. அவளுக்கு எட்டுற ஒயரத்துல பாருங்க."

அப்பா குனிகிறார் என்று அவருடைய மூச்சிலிருந்து தெரிந்தது. கடல் இரைந்தது. நான் எண்ணவில்லை, ஆனால் நீண்ட நேரம்.

"உண்டு," என்றார். "கம்பிக்க எடையில சொருகிக் கெடக்கு. மண்ணு அப்பியிருக்கு."

"எடுத்துத் தோர்த்துல பொதிஞ்சு பாக்கெட்டுல வையுங்க."

"நான் தொடணுமா மக்கா?"

"தொடணும் அப்பா."

2.50க்கு வண்டி வந்தது. இவ்வளவு மெதுவாக அப்பா ஓட்டி நான் பார்த்ததில்லை. மாளு கேட்டுக்கு வெளியே ஓடினாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து தோர்த்துத் துண்டில் பொதிந்ததை என் கையில் வைத்தார்.

மெஷினை உலர்ந்த துணியால் துடைத்தேன். காதில் மாட்டும் கொக்கியின் மேல் ஒரு கீறல். வயர் முழுசாக இருந்தது. இரண்டு மெஷினிலும் புதிய பேட்டரி போட்டு, ஒன்றாம் படிக்குக் கொண்டுவந்தேன். வலது மெஷினில் விளக்கு ஒரு தடவை மின்னியது. இடதிலும் ஒரு தடவை. மறுபடி அழுத்தி உறுதிசெய்துகொள்ள விரல் போனது. விரலை மடக்கிக்கொண்டேன்.

"அப்பா, நீங்க ஒட்டுங்க. அண்ணைக்கு மாதிரி. முதல்ல வண்டிக்கு."

"எனக்க கை வேண்டாம் மக்கா. என்னக் கண்டாலே அதுக்குப் பேடி."

"உங்களக் கண்டு இல்ல. பேரக் கேட்டாக்கும்." நோட்டில் கண்டதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கையை நீட்டவில்லை.

"பேர மைக்கில சொல்லச் சொன்னதும் நான்தானே. வெடிக்குச் சீட்டு எழுதினதும் நான்தானே."

மணி மூன்று. அரை மணியில் நோட்டை அனுப்பவேண்டும். அவர் கை நீட்டாவிட்டால் மாளு வைக்கப்போவதில்லை.

"படிய ஏத்தினது நானாக்கும்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"அண்ணைக்கு மெஷின் மூணாம் படியில இருந்திச்சு. காலையில சந்தேகப்பட்டு ஒண்ணுகூட அழுத்திப்போட்டேன். வீட்டுக்கு வந்து கண்டேன். கண்டும் ரெண்டுண்ணு எழுதி வச்சேன். அக்கா உங்கள ஏசினப்போ மிண்டாம நிண்ணேன்."

கொடிக்கயிற்றின் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிழியாத துணியோடு அக்கா அங்கே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. துணியை அப்படியே கயிற்றில் போட்டாள்.

அப்பா வண்டியின் கண்ணாடியைக் கைமுட்டியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ரெண்டுல இருந்திருந்தா பிள்ள பயந்திருக்காதா?"

"தெரியாது அப்பா. கொஞ்சம் குறைஞ்சிருக்கும். சரியாத் தெரியாது."

"வெடி வெடிதானே மக்கா." பிறகு கோழிக்கூட்டின் பக்கம் பார்த்தார். "இதுக்காக்கும் மூணு நாளா நீ சோத்தக் கோழிக்குப் போட்டது?"

"கண்டியளா?"

"கோழி நடக்க மாட்டாம கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ஆனால் கையை நீட்டினார்.

காயிலை வண்டியின் முன்பக்க இரும்பில் ஒட்டினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. மாளு இரண்டடி முன்னால் வந்தாள். அப்பா இஞ்சினைக் கிளப்பப் போய், சாவியில் கை வைத்தபடி யோசித்தார். பிறகு இன்டிகேட்டரை மட்டும் போட்டார். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டிக், டிக், டிக் என்று சின்னச் சத்தம். அப்பா குனிந்து வண்டியில் காதை வைத்தார். வழக்கமாகச் சொல்கிற ஒன்றையும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மாளு விளக்கைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அப்பாவும் அவளைப் பார்த்தார்.

அவள் தலையை வலதுபக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.

அப்பா மெஷினைக் காதுமடலில் மாட்ட மூன்று தடவை முயன்றார். காயில் முடிக்கு மேல் வழுக்கி, இடம் கண்டு ஒட்டியது. 3.10.

மாளு உறைந்து நின்றாள். கை பாதி உயர்ந்தது.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் பெயர் என் தொண்டையில் வந்து நின்றது. நல்லது எது நடந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அந்த நேரம் பார்த்துச் செல்லபாய் மாமி கேட்டைத் திறந்தார். மாளுவைக் கண்டார், மெஷினைக் கண்டார், முகமெல்லாம் மலர வாயைத் திறந்தார். அக்கா ஓடிய வேகத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ஈரக்கையால் மாமியின் வாயைப் பொத்திவிட்டாள்.

மாமி விரல்களுக்கு இடையில் மெல்ல, "ஆரு செத்துப்போனா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டி மறுத்துக்கொண்டே அவரை மெதுவாக வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினாள்.

டிக், டிக், டிக்.

மாளுவின் பாதி உயர்ந்த கை இறங்கி வண்டியின் மேல் படிந்தது. விளக்கு எரியும்போது ஒரு விரலால் தட்டினாள். அணைந்ததும் நிறுத்தினாள். மறுபடி எரிந்தது; தட்டினாள்.

அவள் கேட்கிறாள்.

3.16க்கு இடதுபக்கமும் வைத்தார் அப்பா. அது முதல் தடவையிலேயே ஒட்டியது.

உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமை வரியில் '2' என்பதன் மேல் கோடு இழுத்து '3' என்று எழுதினேன். பக்கத்தில், "நான் தவறாக அழுத்தினேன். தெரிந்தே தவறாக எழுதினேன். மன்னிக்கவும்" என்று எழுதினேன். 'தெரிந்தே' வேண்டுமா என்று யோசித்தேன். விட்டுவைத்தேன். படமெடுத்து அனுப்பியபோது மணி 3.28.

அக்கா சாயா போட்டாள். அப்பாவுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள். தனக்கு ஒன்று ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3.40. மாளு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து ஸ்பூனால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பது நிமிடம் ஆகியிருந்தது. நாங்கள் மூவரும் சாவு வீட்டில் போலக் கால் விரல்களால் நடந்தோம்.

3.50 ஆனபோது அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள். நான் செய்தது தெரிந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"மேடத்துக்குப் பேரு காரியம் எழுதிப்போட்டியா?"

நான் நோட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை வரியைத் திருத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தேன். என்னைப் பற்றியே இரண்டு வரி எழுதியிருந்தேன். மாளுவின் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

"இப்ப போடுறேன்."

போன் முற்றத்துப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தது. எழுந்தேன்.

அது அடித்தது.

எங்கள் யாருக்கும் முன்னால் மாளுவின் தலைதான் திரும்பியது. ஸ்பூனைக் கீழே வைத்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள். முகம் பூராவும் சிரிப்பு. எழுந்து ஓடினாள்.

ஷிஜி மேடம் எட்டு நிமிடம் முன்னதாகவே அழைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே ஒரு சொல்லால்தான் தொடங்குவார். உரக்க, நீட்டி, அன்பாக.

"அமிர்தே, பிடி அத," என்றாள் அக்கா. அவள் குரல் வெளியே வரவே இல்லை.

மாளு எனக்கு முன்னால் போனை எடுத்துவிட்டாள். பச்சைப் பொத்தானைத் தள்ள அவளுக்கு நன்றாகத் தெரியும். தள்ளினாள். இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, எனக்குத் தருவதற்காகத் திரும்பினாள். திரை வெளிச்சமானது.

மேடம் அவள் தலையில் காயிலைக் கண்டார். கண்கள் விரிந்தன. பேசுவதற்காக அவருடைய உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டின.

மாளு அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.